நடுவில் ஒரு க

கடவுளின் பெயரை எந்த எழுத்தில் போடுவது என்று தீர்மானிக்கும் அதிகாரம் ஒரு காலத்தில் எனக்கு இருந்தது. சம்பளத்துக்குத்தான். கொட்டாஞ்சேனையில் ஒரு சந்துக்குள் இருந்த அச்சகத்தில் நான் புரூப் பார்த்துக்கொண்டிருந்தேன். கல்யாண அழைப்பிதழ், செத்தவருக்குச் செய்யும் அந்தியேட்டிக்கு அழைப்பிதழ், கடை பில், நோட்டீஸ் எல்லாம் என் கண்ணைத் தாண்டித்தான் மெஷினுக்குப் போகும். ஒரு தடவை ஒரு கல்யாண அழைப்பிதழில் 'மணமகள்' இருக்க வேண்டிய இடத்தில் 'மரணமகள்' என்று வந்து உட்கார்ந்திருந்ததை நான் கவனிக்கவில்லை. பெண்ணின் தாய்மாமன் வந்து என் சட்டைக் கொலரைப் பிடித்தபோதுதான் கவனித்தேன். அதற்குப் பிறகும் முதலாளி என்னை வைத்திருந்தார் என்றால் அவருடைய விசுவாசம் எவ்வளவு பெரியது என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

யுத்தம் வடக்கில் நடக்கிறது என்று பேப்பர்கள் சொல்லும். கொழும்பில் அது பெயர் கேட்கும் வடிவத்தில் நடந்தது. நான் வெள்ளவத்தையில் கடற்கரைப் பக்க ஒழுங்கையொன்றில் அறை எடுத்திருந்தேன். அங்கிருந்து கொட்டாஞ்சேனைக்கு பஸ்ஸில் போய்ச் சேருவதற்குள் இறக்குவார்கள், வரிசையில் நிறுத்துவார்கள், ஐசி என்கிற அடையாள அட்டையை வாங்கிப் பெயரை வாசிப்பார்கள். என் பெயரை ஒவ்வொரு சென்றிப் பொயின்டிலும் ஒவ்வொரு விதமாக வாசித்தார்கள். எல்லாவற்றுக்கும் 'ஓவ் சேர்', ஆமாம் ஐயா, என்றேன். கடதாசிக் கூடை என்று வாசித்திருந்தாலும் ஓவ் சேர்தான். வீரம் என்பது எனக்குக் காகிதத்தில் மட்டும் வருகிற வியாதி.

அந்த நாட்களில்தான் பாஸ்டர் ஐயா ஒரு வேலை கொண்டுவந்தார். வெள்ளவத்தையில் ஒரு வீட்டின் மேல்மாடியில் சின்னச் சபை நடத்திக்கொண்டிருந்தவர். அதற்கு முன்பு யாழ்ப்பாணத்தில் கணக்கு வாத்தியார். சமாதானத்துக்காக ஒரு ஜெபப் புத்தகம், சின்னது, சட்டைப் பையில் வைக்கும் அளவு. கையெழுத்துப் பிரதியை மேசையில் வைத்துவிட்டு அதன் மேல் உள்ளங்கையையும் வைத்தார்.

"தம்பி, இதில 'கர்த்தர்' எண்டு ஒரு இடத்திலயும் வரக்கூடாது. 'ஆண்டவர்' எண்டும் வரக்கூடாது. அவருக்கு ஒரு பேர் இருக்கு. பேரைச் சொல்லிக் கூப்பிடாமல் இவ்வளவு காலமும் ஜெபிச்சபடியால்தான் ஒண்டும் நடக்கேல்லை. சமன்பாட்டில ஒரு எழுத்துப் பிழைச்சா விடை வருமோ? உம்மை ஒருத்தன் 'ஏய் மனுசா' எண்டு கூப்பிட்டா நீர் திரும்பிப் பாப்பீரோ?"

"துவக்கோட கூப்பிட்டாப் பாப்பன் ஐயா."

அவர் சிரிக்கவில்லை. கணக்கு வாத்தியார்.

பெயர் 'யெகோவா' என்று அச்சுக் கோத்து வந்தது. புரூப்பைப் பார்த்த பாஸ்டர் ஐயா சிவப்புப் பேனையை எடுத்தார். பிரச்சினை நடுவில் இருந்த க. தமிழில் ஒரே க-வைக் கல்லில் ஒரு மாதிரியும் தங்கத்தில் ஒரு மாதிரியும் மகளில் ஒரு மாதிரியும் சொல்கிறோம். இது மகளில் வருவது போல மெல்லிய காற்றோடு வரவேண்டும் என்பது அவர் கட்சி. சபையில் பாதிப் பேர் தங்கத்தில் வருவது போல வாசிக்கிறார்கள், கடவுளுக்கு அது வேறு யாருடைய பெயராகவோ கேட்கும் என்று அவருக்குப் பயம். ஆகவே எல்லா இடத்திலும் ஹ போடவேண்டும்.

உள்ளறையில் எழுத்துப் பெட்டிக்கு முன்னால் நின்ற கம்பொசிட்டர் அண்ணன் தலையை நீட்டினார். மலைநாட்டுத் தேயிலைத் தோட்டத்து லயத்தில் பிறந்து, கொழும்புக்கு வந்து, ஜிந்துப்பிட்டியில் ஒரு அறையில் மனைவியோடு குடியிருந்தவர்.

"சார், ஹ பத்தாதுங்க. வரிக்கு வரி சாமி பேரு வருது. பெட்டியில இருக்கிற ஹ ரெண்டு பக்கத்துக்குக் கூடக் காணாது."

முதலாளிக்கு இது நல்ல சந்தர்ப்பமாகப் போயிற்று. கொட்டாஞ்சேனையில் பிறந்து வளர்ந்த கத்தோலிக்கர். "பாஸ்டர், யாவே எண்டு போடுங்க. எங்கட பைபிள்ல அதுதான் இருக்குது. பெரிய பெரிய ஆக்கள் ஆராய்ச்சி செஞ்சு கண்டுபிடிச்ச பேர். சின்னப் பேர், ஹவும் வேணாம், பேப்பரும் மிச்சம்."

"கடவுளின்ட பேரைப் பேப்பர் மிச்சத்துக்குச் சுருக்கிறதோ?"

"நீங்க பிழையான பேரை நீட்டி வெச்சிருக்கிறதிலும் பார்க்க நல்லம்."

இப்படித் தொடங்கியது வாரக் கணக்கில் நீண்டது. அச்சகத்தில் ஒரு பழைய ஆங்கிலக் கலைக்களஞ்சியத்தின் கடைசித் தொகுதி கிடந்தது. மெஷினின் ஒரு காலுக்கு முட்டுக்கொடுக்க வாங்கியது. எனக்கு அது போதும். ஒரு பக்கத்தை வாசித்துவிட்டு எபிரேயப் பண்டிதனாகிவிட்டேன். முதலாளியிடம் தனியாகப் போய் "பாஸ்டர் சொல்லுறதில நியாயமிருக்கு" என்பேன். பாஸ்டரிடம் "யாவே எண்டுதான் அறிஞர்கள் சொல்லுகினம்" என்பேன். இரண்டு பேரும் சூடாவதைப் பார்த்துக்கொண்டு பிளேன்ரீ குடிப்பது அந்தக் காலத்தில் எனக்கிருந்த ஒரே பொழுதுபோக்கு. சினிமாவுக்குப் போனால் வரும் வழியில் பிடிப்பார்கள்.

ஆனால் அந்தப் பக்கத்தில் வாசித்த ஒரு விஷயம் என்னையே கொஞ்சம் அசைத்துவிட்டது. அந்தப் பெயர் எழுத்தில் இருப்பது நாலே நாலு மெய். எபிரேயத்தில் அந்தக் காலத்தில் உயிரெழுத்து எழுதும் வழக்கம் இல்லை. வாசிக்கிறவன் தன் வாயிலிருந்து உயிரைப் போடவேண்டும். அந்தப் பெயரோ சும்மா சொல்லக்கூடாத பெயர். எழுதியிருப்பதைக் கண்ணால் பார்த்துவிட்டு வாயால் 'ஆண்டவர்' என்று வேறு சொல்லைச் சொல்வார்கள். சொல்லாமல் காப்பாற்றிக் காப்பாற்றி, கடைசியில் எப்படிச் சொல்வதென்று தெரிந்தவர் ஒருவரும் மிச்சமில்லாமல் போய்விட்டது. மெய் இருக்கிறது, உயிர் இல்லை. இதைத் தமிழில் சொன்னால் எப்படிக் கேட்கிறது பாருங்கள். அன்று இதை அச்சகத்தில் எல்லோருக்கும் சொன்னேன்.

கம்பொசிட்டர் அண்ணன்தான் சிரித்தார். "எங்க வீட்லயும் இதே கததாங்க சார். எம்பேரு ஐசியில இருக்கு. எங்க வீட்டுக்காரி அதப் பாத்துட்டு 'இந்தாங்க'ன்னுதான் வாசிப்பா. பேரச் சொன்னா எனக்கு ஆயுசு கொறஞ்சிருமாம். கல்யாணம் ஆன நாள்லேர்ந்து ஒரு தடவ சொன்னதில்ல."

"அப்ப நீங்களும் யெகோவாதான்" என்றேன்.

"எனக்கும் நடுவுல ஒரு க இருக்குங்க" என்றார் பெருமையோடு.

உண்மைதான். அவர் பெயரின் நடுவில் ஒரு க இருந்தது. பெயரை நான் இங்கே எழுதப் போவதில்லை. எழுதினால் எங்காவது ஒருவர் எழுந்து நின்றுவிடுவாரோ என்று இன்றைக்கும் ஒரு நினைப்பு.

சண்டை முடியாததால் அண்ணன் கடவுளின் பெயர் வரும் இடங்களிலெல்லாம் எழுத்துக்குப் பதிலாக முகமில்லாத ஈயத்துண்டுகளைச் செருகி வைத்தார். தீர்ப்பு வந்தபின் எடுத்துவிட்டு எழுத்தைப் போடலாம் என்று ஏற்பாடு. புரூப் எடுத்தால் ஒவ்வொரு வரியிலும் ஒரு வெள்ளை ஓட்டை.

நகரத்தில் எங்கோ ஒரு குண்டு வெடித்தது. மறுநாள் முற்பகல், அண்ணன் சட்டையைக் கழற்றி ஆணியில் கொழுவிவிட்டு பெனியனோடு சந்தின் முனைக்குப் பிளேன்ரீ குடிக்கப் போனார். எழுத்துப் பெட்டிக்கு முன்னால் சட்டை போடுவதில்லை அவர், மை படும் என்று. கொஞ்ச நேரத்தில் தேநீர்க் கடைக்காரர் வந்து வாசலில் நின்றார். ட்ரக் ஒன்று வந்ததாம். கடையில் நின்ற தமிழ் ஆட்களையெல்லாம் ஏற்றிக்கொண்டு போய்விட்டதாம். யார் ஏற்றினார்கள், எங்கே கொண்டுபோனார்கள் என்று அவருக்குத் தெரியவில்லை. அண்ணனுடைய ஐசி ஆணியில் தொங்கிய சட்டையின் பையில் இருந்தது. மனிதர் பெயர் இல்லாமல் போயிருக்கிறார்.

முதலாளி அன்றைக்கே ஐசியை எடுத்துக்கொண்டு பொலிஸுக்கு ஓடினார். அந்தப் பெயரில் ஒருவரும் பிடிபடவில்லை என்றார்கள். வேறு பொலிஸ். அங்கேயும் இல்லை. ட்ரக்கே வரவில்லை என்றும் ஓரிடத்தில் சொன்னார்கள். திரும்பி வந்தவர் கதவைச் சாத்திவிட்டு எங்களிடம் தணிந்த குரலில் சொன்னார்: "இனி இங்க அவர்ட பேரை ஒருத்தரும் சத்தமாச் சொல்ல வேணாம். யார் யார் காது குடுத்துட்டு இருக்கிறாங்களோ தெரியாது."

அதிலிருந்து அவர் 'அவர்' ஆகிவிட்டார். அவர் மேசை, அவர் எழுத்துக் கோக்கும் ஸ்டிக், அவர் சட்டை. சட்டையை ஆணியிலிருந்து எடுக்க ஒருவருக்கும் மனம் வரவில்லை. மின்விசிறி சுற்றும்போது அதன் ஒரு கை மட்டும் மெல்ல உயரும், இறங்கும். மின்வெட்டு நேரங்களில், நடுப்பகல் என்றாலும், உள்ளறையில் வெளிச்சம் பாதிதான் இருக்கும். அப்படி ஒரு நேரத்தில் எழுத்து ஸ்டிக்கில் விழும் சத்தம் கேட்டது. டிக். அதே சத்தம். கொஞ்சம் விட்டு, டிக்.

முதலாளி சிலுவைக் குறி போட்டார்.

"எலி" என்றேன் நான், பகுத்தறிவோடு.

"அப்ப போய்ப் பாருங்க."

"எலியெண்டால் ஏன் பாக்க வேணும்?"

கடைசியில் இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் முன்னால் தள்ளிக்கொண்டு போனோம். எலி இல்லை. ஜெபப் புத்தகத்துக்குக் கோத்து வைத்திருந்த பக்கத்தின் கட்டு நெகிழ்ந்து, கடவுளின் பெயருக்காகச் செருகியிருந்த முகமில்லாத துண்டுகள் மட்டும் ஒவ்வொன்றாகக் கழன்று தரையில் விழுந்து கிடந்தன. மற்ற எழுத்துகள் அசையவில்லை. ஈயத்துண்டு தானாக விழுவதற்கு ஆயிரம் காரணம் இருக்கலாம். எனக்கு அன்று ஒன்றும் ஞாபகம் வரவில்லை.

"இந்தப் பேர்ப் பிரச்சினையாலதான் வந்தது" என்றார் முதலாளி. "யூதர்மாரே சொல்லப் பயந்த பேர். நாங்க பிளேன்ரீயோட சேர்த்து மென்றோம்."

அண்ணனின் மனைவி ஒவ்வொரு நாளும் அச்சகத்துக்கு வரத்தொடங்கினார். வாசல்படியோடு நின்று "அவரப் பத்தி ஏதும் தெரிஞ்சிச்சுங்களா?" என்று கேட்பார். பிறகு சட்டையைப் பார்ப்பார். பிறகு போய்விடுவார். ஒரு நாள் பாஸ்டர் ஐயா வந்திருந்தார். கண்ணை மூடிக்கொண்டு, கையை உயர்த்தி, ஆறுதலாகச் சொன்னார்: "அவர் வருவார், பிள்ளை. நிச்சயமாக வருவார்."

"எப்பங்க?" என்றார் அந்தப் பெண், ஒரு அடி உள்ளே வந்து. "ஒங்களுக்கு யாரு சொன்னா? எங்க வெச்சிருக்காங்க?"

பாஸ்டர் ஐயா கண்ணைத் திறந்தார். அவர் சொன்ன 'அவர்' கடவுள். அவர் அப்படி விழித்ததை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. வேறு நாளாக இருந்தால் இந்தப் பகிடியை வெள்ளவத்தை முழுக்கச் சொல்லித் திரிந்திருப்பேன். அன்று யாருக்கும் சொல்லவில்லை.

பிறகு தேநீர்க் கடைக்காரர்தான் செய்தி கொண்டுவந்தார். கொட்டாஞ்சேனைப் பக்கம் பிடித்தவர்களை நகரத்தில் ஒரு பழைய கட்டடத்தில் வைத்திருக்கிறார்களாம். ஆளைப் பார்க்க விடமாட்டார்களாம். ஆனால் சோற்றுப் பார்சல் கொடுக்கலாம். வாசலில் பெயரைச் சொன்னால் காவல்காரன் உள்ளே பார்த்துக் கத்துவான். உள்ளேயிருந்து பதில் வந்தால் பார்சலை வாங்குவான். பதில் வந்தால் ஆள் உயிரோடு இருக்கிறார். அவ்வளவுதான் அந்தப் பெண்ணுக்கு வேண்டியிருந்தது: ஒரு பதில்.

"நீங்க வந்து பேரச் சொல்லுங்க சார்" என்று என்னிடம் கேட்டார். "எனக்குச் சிங்களமும் வராது. பேரும்... நான் சொல்ல மாட்டேங்க. இந்த நேரத்துல போய் அவரு ஆயுச நான் கொறைக்கிறதா?"

போனேன். உயரமான தகரக் கேட். அதற்கு முன்னால் வெயிலில் பெண்களின் வரிசை, ஒவ்வொருவர் கையிலும் ஒரு பார்சல். என்னைக் கலவரப்படுத்தியது கேட்டுக்குப் பின்னால் இருந்த அமைதி. அத்தனை பேர் உள்ளே இருப்பதாகச் சொல்கிறார்கள், ஒரு இருமல் கேட்கவில்லை. காவல்காரன் ஒரு பெயரைக் கத்துவான். அந்தப் பெயர் உள்ளே போய் எங்கோ மோதும். பிறகு மிகத் தூரத்திலிருந்து ஒரு 'மஹத்தயா!' வரும். ஐயா என்று அர்த்தம். சில பெயர்களுக்கு வராது. அந்தப் பெண்கள் பார்சலை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு விலகி நிற்பார்கள்.

எங்கள் முறை வந்தது. "நம?" என்றான் காவல்காரன். பெயர்?

சிங்களக் காதுக்கு இதமாக இருக்கட்டும் என்று தங்கத்தில் வரும் க போட்டுச் சொன்னேன். அவன் அப்படியே கத்தினான். அமைதி. பிறகு, உள்ளேயிருந்து, மெல்லிய குரலில்: "மஹத்தயா!"

பார்சல் உள்ளே போயிற்று. நான் வீரனைப் போல நடந்தேன். பஸ் ஹோல்ட்டில் அந்தப் பெண் என்னை நிறுத்தினார்.

"சார், அது அவரு இல்ல."

"என்னக்கா சொல்லுறீங்க?"

"அது வயசுப் பையன் கொரலு. அவரு கொரலு எனக்குத் தெரியாதுங்களா?"

"வேற ஆர் அவற்ற பேருக்குப் பதில் சொல்லப்போயினம்?"

அவர் வெறும் கையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: "பசிச்சவன்."

மறுநாளும் போனோம். அதே பெயரை அதே மாதிரிச் சொன்னேன். அதே காவல்காரன் அதே மாதிரிக் கத்தினான். பதில் இல்லை. அந்தப் பையனின் குரலும் இல்லை. அதற்கடுத்த நாளும் இல்லை. அந்தப் பெயரை உள்ளே எறிந்தால் கிணற்றில் கல் போட்டு, தண்ணீரில் விழும் சத்தம் கேட்காதது போல இருந்தது.

நான் இதைச் சொன்னபோது பாஸ்டர் ஐயா குடையை எடுத்தார். "நானும் வாறன். நீர் உச்சரிச்சது பிழை. தமிழில ஒரு க மூண்டு விதம். கல்லு, தங்கம், மகள். ஒழுங்கா ஒவ்வொண்டாச் சொல்லிப் பாப்பம். மூண்டில ஒண்டு விடை."

"ஐயா, இது ஜெபப் புத்தகம் இல்லை."

"அது எனக்குத் தெரியும்" என்றார்.

கேட்டுக்கு முன்னால் அவர் கல்லில் வரும் க-வோடு சொன்னார். காவல்காரன் கத்தினான். பதில் இல்லை. "மகளில வாறது" என்று எனக்குச் சொல்லிவிட்டு மெல்லிய காற்றோடு சொன்னார். பதில் இல்லை. "ஐயா, கொஞ்சம் நீட்டிச் சொல்லுங்கோ" என்றேன் நான். "நீட்டினால் வேற பேர் ஆகிடும்" என்றார் அவர். "அவங்களுக்கு நீட்டித்தான் வரும்." "உமக்கு எபிரேயமும் தெரியாது, சிங்களமும் தெரியாது, சும்மா இரும்." வெயிலில், துவக்குக்கு முன்னால், இரண்டு பெரிய மனிதர்கள் ஒரு எழுத்துக்காகச் சண்டை பிடித்துக்கொண்டு நின்றோம். வரிசையில் இருந்த பெண்கள் எங்களைப் பைத்தியங்களைப் பார்ப்பது போலப் பார்த்தார்கள்.

காவல்காரன் துவக்கின் பிடியால் தகரத்தில் ஓங்கித் தட்டினான். சிங்களத்தில் கேட்டான்: "ஒரு ஆளா, மூன்று ஆளா? உண்மையான பெயர் என்ன? இனி ஒரு தடவைதான். பிறகு நீங்கள் இரண்டு பேரும் உள்ளே."

பாஸ்டர் ஐயா என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். ஒரே ஒரு தடவை, சரியாக. இரண்டு பேருடைய வாயும் திறக்கவில்லை.

அந்தப் பெண் எங்களுக்கு நடுவால் வந்தார். "என்னங்க சார் கேக்குறான்?" என்றார். சொன்னேன். பார்சலை என் கையில் தந்தார். சேலைத் தலைப்பை எடுத்து வாயில் பாதியை மறைத்துக்கொண்டார். கண்களை இறுக்கி மூடினார். பெயரைச் சொன்னார்.

எனக்குச் சட்டென்று பிடிபடவில்லை. க இல்லை. கல்லும் இல்லை, தங்கமும் இல்லை, மகளும் இல்லை. மகனை மவன் என்று சொல்லும் வாய் அது. அந்த வாயில், அவருடைய ஆட்களின் வாயில், அந்தப் பெயரின் நடுவில் க என்று ஒன்று இருந்ததே இல்லை. நாங்கள் சண்டை பிடித்த இடத்தில் நாக்கு ஒன்றையும் தொடாமல் ஒரு ய போல வழுக்கிப் போயிற்று. வெறும் மூச்சு.

காவல்காரன் திரும்பி நின்று, அவர் சொன்னபடியே, அட்சரம் பிசகாமல் கத்தினான்.

அமைதி. பிறகு உள்ளே ஏதோ உருண்டு விழும் சத்தம். பிறகு ஒரு கரகரத்த, முதிர்ந்த குரல், கத்திக் கத்திப் பழகியது போல: "மஹத்தயா!"

அந்தப் பெண் அப்படியே தெருவில் உட்கார்ந்துவிட்டார். அழவில்லை. பார்சல் உள்ளே போவதையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு பாஸ்டர் ஐயாவை நிமிர்ந்து பார்த்துக் கேட்டார்: "ஆயுசு கொறஞ்சிருக்குமாங்க?"

"இல்லைப் பிள்ளை" என்றார் அவர். குடையை அந்தப் பெண்ணுக்கு மேல் பிடித்தார்.

எந்தப் பெயரில் இருக்கிறார் என்று தெரிந்தபிறகு முதலாளி ஒரு சட்டத்தரணியைப் பிடித்தார். அண்ணனை விட்டார்கள். ஏன் பிடித்தோம் என்று சொல்லாதது போலவே ஏன் விட்டோம் என்றும் சொல்லவில்லை. ஜெபப் புத்தகமும் அச்சாயிற்று. பாஸ்டர் ஐயாவே வந்து, பெயர் வரும் இடத்திலெல்லாம் 'அவர்' என்று போடச் சொன்னார். முதலாளி ஒரு வார்த்தை எதிர்த்துச் சொல்லவில்லை. எனக்கும் மூட்டிவிட ஒன்றும் தோன்றவில்லை.

அண்ணன் மறுபடி எழுத்துப் பெட்டிக்கு முன்னால் நின்றார். இப்போது சட்டையைக் கழற்றுவதில்லை. கை முன்பு போலவே ஓடியது. ஆனால் நாங்கள் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்புவதில்லை. காது கேட்கிறது, அது தெரிந்தது. கை ஒரு கணம் நிற்கும். கேட்ட சத்தத்தை அளந்து பார்ப்பார். பிறகு கை மறுபடி ஓடும். நாங்கள் மேசையில் தட்டிக் கூப்பிடப் பழகிக்கொண்டோம்.

ஒரு நாள் பிளேன்ரீ குடிக்கும்போது நான் கேட்காமலே சொன்னார்.

"பிடிச்ச அன்னிக்குப் பேரக் கேட்டாங்க சார். எங்காத்தா கூப்பிடுற மாதிரித்தான் வாயில வந்திச்சு. அப்பிடியே எழுதிக்கிட்டாங்க. காலையில அந்தப் பேருக்கு மட்டுந்தான் எந்திரிக்கணும். வேற பேருக்கு எந்திரிச்சா, அந்தப் பேருக்காரன் என்ன செஞ்சானோ அதெல்லாம் நம்ம செஞ்சது. அதனால எல்லாரும் காதத் தீட்டிக்கிட்டு உக்காந்திருப்போம். ஒரு நாள் ஒரு பேரக் கூப்பிட்டாங்க. எம்பேரு மாதிரி இருந்திச்சு. ஆனா எம்பேரு இல்ல. அந்தப் பேருல வேற யாரோ இருக்காங்க போலன்னு நெனச்சேன். பக்கத்துல இருந்த பையன் எந்திரிச்சான். அவன் மூணு நாளாச் சாப்பிடாதவன். சோத்த வாங்கித் தின்னான். எனக்கும் ஒரு கவளம் குடுத்தான். அது எங்க வீட்டுச் சோறு சார். ருசி தெரிஞ்சிச்சு. தெரிஞ்சும் என்னா பண்றது?"

"பிறகு?"

அவர் கோப்பையைக் கீழே வைத்தார். "சாயந்தரம் அதே பேர மறுபடி கூப்பிட்டாங்க. இந்தத் தடவ சோத்துக்கு இல்ல. அவன்தானே எந்திரிக்கணும்? எந்திரிச்சுப் போனான். அதுக்கப்புறம் அந்தப் பேருக்கு ஆளு இல்லைங்க."

அந்தப் பெயரை அங்கே கொண்டுபோனது என் வாய். இதைப் பற்றி நான் இதுவரை ஒரு பகிடியும் விட்டதில்லை.

கொஞ்ச காலம் கழித்து அவர் வேலைக்கு வராமலிருந்தார். ஒரு மத்தியானம் ஜிந்துப்பிட்டிக்குப் பார்க்கப் போனேன். ஒழுங்கை முழுக்க வெயில், ரேடியோ, குழாயடியில் பெண்களின் சத்தம். அறைக்குள் நுழைந்ததும் அந்தச் சத்தமெல்லாம் நின்றுவிட்டது போல இருந்தது. அண்ணன் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். முதுகு நேராக. "அண்ணன்" என்றேன். அசையவில்லை. நானும் இப்போது அந்தப் பெயரைச் சரியாகச் சொல்லப் பழகிவிட்டேன் என்று நினைத்து, க இல்லாமல், மூச்சை மட்டும் விட்டுச் சொன்னேன். அவர் தலை கொஞ்சம் சாய்ந்தது. காது கொடுத்துக் கேட்டார். என் யாழ்ப்பாணத்து நாக்கு எங்கோ ஒரு பொட்டு ஹ-வைச் சேர்த்திருக்க வேண்டும். தலை மறுபடி நிமிர்ந்தது. சுவரைப் பார்த்தது.

"அப்பிடிச் சொன்னா வர மாட்டாருங்க சார்" என்றார் அவர் மனைவி, அடுப்படியிலிருந்து. "என்னங்கன்னா வர்றதில்ல. இந்தாங்கன்னா வர்றதில்ல. தொட்டாலும் வர்றதில்ல. பேரச் சொல்லணும். மூணு வேளையும் சொல்றேன். ஒழுங்கையில இருக்கிற பொம்பளைங்க எல்லாம் கேட்டுச் சிரிக்கிறாளுங்க. அவளுங்க சிரிக்கட்டும். ஒவ்வொரு தடவையும் எவ்வளவு கொறையுதோன்னுதான்..."

முடிக்கவில்லை. சோற்றுத் தட்டைத் தரையில் வைத்தார். கையைச் சேலையில் துடைத்தார். வாயை மறைக்கவில்லை இப்போது. பெயரைச் சொன்னார்.

அவர் உடனே எழுந்து நின்றார். இரண்டு கைகளும் பிடரிக்குப் பின்னால் போய்க் கோத்துக்கொண்டன. "மஹத்தயா!" என்று அந்தச் சின்ன அறை அதிரக் கத்தினார்.

அந்தப் பெண் பக்கத்தில் போய் நின்றார். ஒரு கையைப் பிடித்துக் கீழே இறக்கினார். பிறகு மற்றக் கையை.

"ஒண்ணுமில்லைங்க" என்றார். "சோறு. சோறு மட்டுந்தான்."